தலையணையும் கூந்தலும்

"இந்த வாரம் தலைமயிரைப் பற்றி எழுதப் போகிறோம்" என்று நாம் சொன்னதும், காரியாலயத்து நண்பர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். "எழுதுவதற்கு வேறு விஷயமே அகப்படவில்லையா?" என்று கேட்டார். அவருடைய சிரசில் மயிர் என்பது பழைய ஞாபகமாகி வெகு காலமாயிற்று; ஆகையால் அவர் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. ஆனால் கூந்தலைப் பற்றிய கவலை எவ்வளவு வீடுகளில் இராத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது, நமக்கு வரும் கடிதங்களைப் படித்தால் அவருக்கும் விளங்கிவிடும்.

தருமபுரி மாவட்டத்து ஏரியூரிலிருந்து சகோதரி ஒருவர் எழுதியிருக்கும் கடிதமே இன்றைய வியாசத்துக்குக் காரணம். ஏரியூர் பென்னாகரம் பக்கத்து ஊர். 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் அவ்வூருக்கு மேற்கே நாகமரைக் கரையைத் தொட்டுக் கொண்டு கடல்போல் பரந்து கிடக்கிறது. சகோதரி கேட்பது வருமாறு: "என் பெண்ணுக்குப் பதினாறு வயது ஆகிறது. இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தல். சில மாதங்களாகக் காலையில் எழுந்தால் தலையணையெல்லாம் மயிராகக் கிடக்கிறது. இராத்திரியில் தலை நிறைய எண்ணெய் வைக்க வேண்டும் என்கிறார் என் மாமியார். பட்டுத் தலையணை உறை போட வேண்டும் என்கிறார் எதிர்வீட்டு அம்மாள். மூலிகைத் தைலம் ஒரு புட்டி வாங்கினால் போதும் என்கிறான் சந்தையில் தைலம் விற்பவன். யார் சொல்வதைக் கேட்பது?"

மாமியார் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. எதிர்வீட்டு அம்மாள் சொல்வதில் முக்கால் நியாயம் உண்டு. தைலக்காரனைப் பற்றிப் பின்னால் பேசுவோம். ஆனால் இந்த மூவரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது. தலையணையில் கிடக்கும் மயிர் இடையில் ஒடிந்து விழுந்ததா, அல்லது வேரோடு உதிர்ந்து விழுந்ததா என்பதே அது.

இதைக் கண்டுபிடிக்க வைத்தியர் வேண்டியதில்லை. உதிர்ந்த மயிரில் பத்துப் பதினைந்தை எடுத்து, ஒரு கறுப்புத் துணியின்மேல் வைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முழு நீளமாக இருந்து, ஒரு முனையில் கடுகினும் சிறிய வெண்மையான முடிச்சு காணப்பட்டால் அது வேரிலிருந்து உதிர்ந்தது. குட்டையும் நெட்டையுமான துண்டுகளாக, எந்த முனையிலும் முடிச்சில்லாமல் இருந்தால் அது ஒடிந்தது. ஒடிந்ததற்குப் பரிகாரம் படுக்கையறையில் இருக்கிறது. உதிர்ந்ததற்குப் பரிகாரம் அநேகமாக வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் பாகுபாடு தெரியாமல் செய்யும் செலவெல்லாம் ஆற்றிலே கரைத்த புளிதான்.

முதலில் ஒடிதலைக் கவனிப்போம்.

மயிர் என்பது நம் நகத்தைப் போலவே 'கெரட்டின்' என்னும் புரதத்தால் ஆனது. தோலுக்கு வெளியே வந்த பகுதிக்கு உயிர் கிடையாது. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. அதே காரணத்தால், ஒரு முறை சிதைந்தால் அது தானாக ஆறுவதும் இல்லை. ஒவ்வொரு மயிரின் மேலும், ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகளை அடுக்கியிருப்பது போல, மிக நுண்ணிய செதிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் வாய் நுனியை நோக்கி இருக்கிறது. ஆகவே, ஒரு மயிரை இரண்டு விரல்களால் பிடித்து வேரிலிருந்து நுனிக்கு உருவினால் வழுவழுப்பாக இருக்கும். நுனியிலிருந்து வேருக்கு உருவினால் சொரசொரக்கும். இதை இப்போதே செய்து பார்க்கலாம்.

தூங்குகிறவர் இரவெல்லாம் அசையாமல் கிடப்பதில்லை. பல முறை புரண்டு படுக்கிறார். ஒவ்வொரு புரளலிலும் தலையின் பாரம் முழுவதும் அழுத்த, கூந்தல் தலையணைத் துணியில் உராய்கிறது. சில மயிர்கள் செதிளின் போக்கிலும், சில செதிளுக்கு எதிராகவும் இழுபடுகின்றன. செதிள்கள் தூக்கிக்கொண்டு ஒன்றையொன்று கவ்விக் கொள்கின்றன. காலையில் நாம் 'சிக்கு' என்று சொல்வது இதுதான். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று அந்தச் சிக்கில் சீப்பை வைத்து உச்சியிலிருந்து இழுத்தால் மயிர் ஒடியாமல் என்ன செய்யும்? கூந்தல் நீளமாக இருந்தால் இந்தச் சங்கடம் இன்னும் அதிகம். தலைமயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளருகிறது. அப்படியானால் இடுப்பளவுக் கூந்தலின் நுனி ஐந்தாறு வருஷத்து வெயிலையும் சீப்பையும் சவர்க்காரத்தையும் கண்டது. அதன் செதிள்கள் முன்னமே தேய்ந்து போயிருக்கும்.

ஆகையால் இரவில் செய்ய வேண்டிய முதற்காரியம், கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு படுக்காமல் இருப்பது. படுக்குமுன் பூவையும் கொண்டை ஊசிகளையும் எடுத்துவிட வேண்டும். அகன்ற பல்லுள்ள சீப்பால் முதலில் நுனியைச் சிக்கெடுத்து, பிறகு நடுப்பகுதி, அதன் பிறகு உச்சி என்று கீழிருந்து மேலாகப் போக வேண்டும். பின் தளர்வாக ஒற்றைச் சடை பின்னி, நுனியை ரப்பர் வளையத்தால் இறுக்காமல் மெல்லிய துணி நாடாவால் கட்ட வேண்டும். சடையைத் தலையணைக்கு மேற்புறமாகத் தூக்கிப் போட்டுக்கொண்டால் உடம்பின் கீழே சிக்கி இழுபடாது. பாட்டிமார்கள் "தலைவிரி கோலமாகப் படுக்காதே" என்று அதட்டியதற்குச் சொல்லிய காரணங்கள் வேறு. ஆனால் அதில் கூந்தலுக்கு நன்மை இருந்தது.

சடை தளர்வாக இருக்க வேண்டும் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்லுகிறோம். மறு நாள் காலையில் கலையாமல் இருக்க வேண்டுமென்று குழந்தைகளின் தலையை இரவிலேயே இறுக்கிப் பின்னிவிடும் தாய்மார்கள் உண்டு. இறுக்கமான இழுப்பு நாள்தோறும் நேர்ந்தால் நெற்றியோரத்திலும் காதோரத்திலும் மயிர் குறைந்து, நாளடைவில் வேரே பட்டுப் போய்விடும். கிரீன்லாந்துப் பெண்களிடம் இக்கேடு இருந்ததை 1907-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் கூந்தலை உச்சியில் இறுக்கி முடிகிற வழக்கமுடையவர்கள். நம் நாட்டில் தலைமயிரை இறுக்கி முடிந்து தலைப்பாகை கட்டும் சீக்கியச் சகோதரர்களிடமும் வைத்தியர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள். தொடக்கத்தில் கண்டு கட்டைத் தளர்த்தினால் மயிர் திரும்ப முளைக்கும்; வருஷக் கணக்கில் விட்டுவிட்டால் முளைக்காது.

இனிப் பட்டு உறை. பருத்தித் துணியின் இழைகள் குட்டையானவை, முறுக்கி நூற்றவை, மேலெல்லாம் பஞ்சின் பிசிறு நிற்கும். பட்டோ ஒரே நீள இழை. ஒரு பட்டுக்கூட்டிலிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் நீளமுள்ள இழையைக் கூட எடுக்க முடியும். ஆகவே பட்டின்மேல் உராய்வு குறைவு, சிக்கும் குறைவு. அமெரிக்காவில் ஆப்பிரிக்க வம்சத்துப் பெண்மணிகள், தங்கள் சுருட்டை மயிர் எளிதில் ஒடிவதால், இரவில் பட்டு அல்லது சாட்டின் துணியால் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு படுப்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வருகிறார்கள். சுருட்டை மயிர் உள்ள நம் வீட்டுப் பெண்களுக்கும் இது மிகவும் ஏற்றது.

இதற்காகப் பட்டணத்துக் கடைகளிலிருந்து விலையுயர்ந்த உறைகளைத் தருவிக்க வேண்டுமா? தருமபுரிக்காரருக்கு அது வேடிக்கையாக இருக்கும். மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் மாவட்டம் அது; தருமபுரி நகரத்தில் சர்க்கார் பட்டுக்கூடு அங்காடியே இருக்கிறது. வீட்டுப் பெட்டியில் மடிப்பு விட்டுக் கிழியும் பழைய பட்டுப் புடவை ஒன்று இல்லாமற் போகாது. சரிகைக் கரையை நீக்கிவிட்டு உடல் பகுதியிலிருந்து இரண்டு உறைகள் தைத்துக் கொள்ளலாம். பூந்திக்கொட்டை நீரில் அலசி நிழலில் உலர்த்தினால் நெடுநாள் உழைக்கும். பட்டு இல்லாதவர்கள் வழுவழுப்பான சாட்டின் துணியில் தைத்துக் கொள்ளட்டும். உராய்வைக் குறைப்பதில் அதுவும் பெரும்பாலும் அதே வேலையைச் செய்யும். ஆனால் ஒன்று. பட்டு உறை ஒடிவதைத்தான் குறைக்கும். உதிர்வதை நிறுத்துவதாகவோ, புதிதாக மயிர் முளைக்கச் செய்வதாகவோ யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முக்கால் நியாயம் என்று நாம் சொன்னது இதனால்தான்.

அடுத்தது எண்ணெய். ஏரியூர்ப் பக்கத்து மக்களுக்கு எண்ணெயின் பெருமையை நாம் சொல்ல வேண்டியதில்லை. அண்மையிலுள்ள ஒகேனக்கல்லில், அருவிக்குப் போகிறவர்களைப் பாறைமேல் உட்கார வைத்து உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துவிடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். எண்ணெயைத் தேய்த்து, அது ஊறிய பிறகு நீரில் தலையைக் கொடுப்பது அங்கே முறை. அந்த வரிசையில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது.

நீரில் நனைந்த மயிர் உப்புகிறது, உலர்ந்தால் சுருங்குகிறது. இப்படி உப்பிச் சுருங்குவதால் அதன் உட்பொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறுகிறது. பம்பாயைச் சேர்ந்த ரேலே, மொஹிலே என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து 2003-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். தேங்காய் எண்ணெய் ஒன்றே, கழுவுவதற்கு முன் தடவினாலும் பின் தடவினாலும், மயிரின் புரதம் வீணாவதைக் குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் அணுத்திரள் சிறியதாகவும் நேராகவும் இருப்பதால் மயிரின் உள்ளே புகுகிறது என்பது அவர்கள் கருத்து. அவர்கள் வேலை பார்த்தது தேங்காய் எண்ணெய் விற்கும் ஒரு கம்பெனியில் என்பதையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். எனினும், அதற்குப் பின் மற்றவர்களும் தேங்காய் எண்ணெய் மயிருக்குள் புகுவதைக் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே, மறுநாள் தலை முழுகுவதாக இருந்தால் முதல் நாள் இரவு சிறிது தேங்காய் எண்ணெய் தடவிச் சடை பின்னிப் படுப்பது நல்லதே. செவ்வாய், வெள்ளிக்கு முன்னிரவு போதும். ஆனால் தினந்தோறும் எண்ணெயை வழிய வழிய ஊற்றுவதில் லாபமில்லை; தலையணை குடிப்பதுதான் மிச்சம். நெற்றியில் வழிந்த எண்ணெய் வயது வந்த பெண்களுக்கும் பையன்களுக்கும் பருக்களைக் கொண்டு வரும். பொடுகு உள்ளவர்களோ இரவில் எண்ணெய் வைக்கவே கூடாது. 'மலாசீஸியா' என்னும் நுண்ணிய பூஞ்சணம் தலைத்தோலின் கொழுப்பைத் தின்று வளருவதே பொடுகுக்குக் காரணம். அதற்கு இராத்திரி முழுவதும் எண்ணெய் வார்ப்பது, எலிக்கு விருந்து வைத்து விரட்டுவது போலத்தான்.

விளக்கெண்ணெய் விஷயத்தில் தனியாக ஓர் எச்சரிக்கை. அது மிகவும் பிசுபிசுப்பானது. நீண்ட கூந்தலில் அதை மிகுதியாகப் பூசித் தலை முழுகிய இளம்பெண் ஒருத்திக்குக் கூந்தல் முழுவதும் பறவைக் கூடு போலத் திரண்டு, எவ்வளவு முயன்றும் பிரிக்க முடியாமல், கடைசியில் வெட்டியெறிய வேண்டியதாயிற்று என்று நம் நாட்டு வைத்தியர்கள் 2017-ஆம் ஆண்டில் எழுதியிருக்கிறார்கள். இது அபூர்வமாக நேர்வது என்பது மெய்தான். ஆனால் வேறு எண்ணெய் இருக்கும்போது நீண்ட கூந்தலுக்கு இந்தப் பரீட்சை எதற்கு?

ஈரத் தலையோடு படுப்பதும் கூடாது. ஜலதோஷம் பிடிக்கும் என்பதனால் அன்று. ஜலதோஷத்தைத் தருவது கிருமியே தவிர ஈரம் அல்ல. நனைந்த மயிர் உலர்ந்த மயிரைவிட அதிகமாக நீளும்; எளிதில் சிதையும். அந்த நிலையில் அதைத் தலையணையில் நசுக்குவது ஒடிவதற்கு வழி. இரவில்தான் முழுக நேரம் கிடைக்கிறது என்பவர்கள் உறங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக முழுகி, துண்டால் முரட்டுத்தனமாகத் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, காற்றில் உலர விடவேண்டும். சாம்பிராணி போடுகிறவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துப் போடட்டும். நெருப்புத் தணலை மூடிய அறையில் வைத்துவிட்டு உறங்குவது உயிருக்கே ஆபத்து. கரிப்புகையின் விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருப்பதால்தான் முடி கொட்டுகிறது என்று அந்தப் பக்கத்தில் பலரும் கருதுகிறார்கள். அம்மாவட்டத்து நிலத்தடி நீரில் ப்ளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுத்தது உண்மை; அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் கடின நீர் மயிரை வேரோடு பெயர்ப்பதாக நிரூபணம் இல்லை. சவர்க்காரத்தோடு சேர்ந்து மயிரின்மேல் படிந்து, அதைச் சொரசொரப்பாக்கிச் சிக்கை அதிகப்படுத்தும், அவ்வளவே. கடைசியாக அலசும் ஒரு செம்பு நீர் மட்டும் குடிநீர்க் குழாய் நீராகவோ மழைநீராகவோ இருந்தால் நலம்.

ஒடிதலைப் பற்றி இவ்வளவு போதும். இனி, முனையில் வெண்முடிச்சோடு விழும் மயிரைக் கவனிப்போம்.

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் மயிர்கள் உண்டு. ஒவ்வொன்றும் சில வருஷங்கள் வளர்ந்து, இரண்டு மூன்று மாதம் ஓய்ந்திருந்து, பிறகு உதிர்ந்து புதியதற்கு இடம் கொடுக்கும். அதனால் நாள் ஒன்றுக்கு ஐம்பது முதல் நூறு வரையில் உதிர்வது இயற்கை. இடுப்பளவு நீண்ட மயிர் ஐம்பது சேர்ந்தாலே பார்வைக்கு ஒரு கற்றையாகத் தோன்றும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் கடுஞ்சுரம், பிரசவம், அறுவைச் சிகிச்சை, பட்டினி, பெருந்துக்கம் முதலியவை நேர்ந்தால் வளர்ந்து கொண்டிருக்கும் மயிர்களில் பல ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. இரண்டு மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்தாற்போல் உதிர்கின்றன. இதை 1961-ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டியவர் அமெரிக்க நிபுணர் ஆல்பர்ட் கிளிக்மன். குழந்தை தாயின் முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு அல்லவா? குழந்தை முகம் பார்ப்பதும், பிரசவத்துக்குப் பின் மயிர் உதிர்வதும் அதே மூன்றாம் மாதத்தில் நேர்வதே அதன் ரகசியம். பாவம், குழந்தையின்மேல் குற்றமில்லை. இத்தகைய உதிர்வு சில மாதங்களில் தானே நின்று, மயிர் திரும்ப வளரும்.

சுரமும் இல்லை, பிரசவமும் இல்லை, வளரும் பெண்ணுக்கு மாதக்கணக்கில் மயிர் உதிர்கிறது என்றால், தலையணையை விட்டுவிட்டு இரத்தத்தைப் பார்க்க வேண்டும். 2019 முதல் 2021 வரையில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையிலுள்ள பெண்களில் இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு 57 பேருக்கும், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேருக்கும் இரத்தச்சோகை இருக்கக் கண்டார்கள். பாதிப் பேருக்கு மேல்! சோகை உள்ளவர் எல்லாருக்கும் மயிர் உதிர்வதில்லை; ஆனால் இரும்புச்சத்துக் குறைவு மயிர் உதிர்வதற்கு ஒரு முக்கிய காரணம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், சீக்கிரம் களைத்தல், கண்ணின் கீழிமை வெளுத்திருத்தல், மாதவிடாயில் மிகுதியான போக்கு இவற்றில் ஏதேனும் கூடவே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. தைராய்டுச் சுரப்பியின் கோளாறும் இப்படிச் செய்யும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு இரத்தம் கொடுத்தால் ஹீமோகுளோபின் அளவைச் சொல்லிவிடுவார்கள். பெண்களுக்கு அது 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பெண் விழுங்குகிறாளா, புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு வருகிறாளா என்பதைத் தாயார் விசாரிக்க வேண்டும். முருங்கைக்கீரை, முளைகட்டிய கேழ்வரகு, பயறு வகைகள், மாமிசம் உண்பவருக்கு ஈரல், மீன் ஆகியவை உணவில் சேரட்டும்; நீர்த்தேக்கத்து மீனுக்கு அந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீரோ காப்பியோ குடித்தால் சேராது. எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கம் தாயிடமிருந்து பெண்ணுக்கும் வந்துவிட்டதா என்பதையும் வீட்டார் யோசித்துப் பார்ப்பது நலம்.

தைலக்காரனைப் பற்றிச் சொல்வதாக வாக்களித்தோம். 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 'ஜெ' அட்டவணை என்று ஒன்று உண்டு. இன்னின்ன நோய்களைத் தடுப்பதாகவோ குணமாக்குவதாகவோ எந்த மருந்தும் பெருமை பேசக்கூடாது என்று விலக்கிய ஜாபிதா அது. வழுக்கையும், இளநரையும், புதிய மயிர் முளைப்பித்தலும் அந்த ஜாபிதாவில் இருக்கின்றன. ஆகையால் "நாற்பது நாளில் முழங்கால் வரை கூந்தல்" என்று கூவுகிறவன் எந்த மூலிகையைக் காய்ச்சியிருந்தாலும், நம்மிடம் விற்பது நம்பிக்கையை மட்டுமே. அந்தப் புட்டியின் விலையில் ஒரு மாதத்துக்குக் கீரையும் பயறும் வாங்கலாம்.

ஏரியூர்ச் சகோதரி முதலில் மயிரின் முனையைப் பார்க்கட்டும். ஒடிந்ததாக இருந்தால் தளர்ந்த சடை, பழைய பட்டில் தைத்த உறை, முழுகுவதற்கு முன்னிரவில் சிறிது தேங்காய் எண்ணெய் ஆகிய மூன்றும் போதும். ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியும். வெண்முடிச்சோடு இருந்தால் பெண்ணைத் தாமதமின்றிச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லட்டும். சோகை கூந்தலோடு நிற்பதில்லை. படிப்பில் ஊக்கத்தைக் குறைக்கும்; நாளைக்கு அவள் தாயாகும்போது இரண்டு உயிர்களுக்கு இடையூறாகும். அதை முன்கூட்டியே தெரிவிக்கத் தலையணைமேல் நாலு மயிர் விழுந்திருந்தால், அந்த மயிர் வீணாக விழவில்லை.